கச்சான் காற்றில் 19 நாள் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்கலாமா? தாய்ப்பால் மட்டும் போதுமா?

உப்புவெளிக் கரை
ஜூன் 12, இரவு 11.20

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் முதல் பிள்ளை, மகள், பிறந்து இன்றோடு 19 நாள். சிசேரியன். பிறக்கும்போது 2.8 கிலோ. பத்தாம் நாள் நிறுத்தபோது 2.7 கிலோ. தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறோம்.

எங்கள் திருகோணமலைப் பக்கத்தில் நாலு நாளாகக் கச்சான், அதாவது தென்மேற்கில் இருந்து வரும் சூடான வறண்ட காற்று, அடிக்கிறது. ஓட்டு வீடுதான், இருந்தும் மத்தியானத்தில் உள்ளே இருக்க முடியாத வெக்கை. பின்னேரம் 5 மணிக்குத் தொடங்கினால் 9 மணி வரை மகள் அழுகிறாள். பால் கொடுத்தால் குடிக்கிறாள், விடுகிறாள், மறுபடி அழுகிறாள். "நா வறண்டுதான் அழுகுது, கொதிச்சு ஆறின தண்ணி ரெண்டு கரண்டி குடு" என்கிறார் என் அம்மா. பக்கத்து வீட்டு அக்கா பால்மா டின்னின் பெயரை எழுதித் தந்துவிட்டுப் போயிருக்கிறார். மனைவி யாரோடும் கதைப்பதில்லை. நேற்று இரவு "எனக்குப் பால் இல்லைப் போல" என்று சொல்லி அழுதாள்.

அம்மாவில் எனக்குக் கோபம் இல்லை. பேத்தி மீதுள்ள பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் ஆஸ்பத்திரியில் ஆறு மாதத்துக்கு வேறு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். நாளைக்குக் கடைக்குப் போகும்போது அந்த டின்னை வாங்குவதா இல்லையா? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

முருங்கையடி
ஜூன் 12, இரவு 11.48

தம்பி, முதலில் ஒரு கேள்வி. இன்று காலையில் இருந்து பிள்ளை எத்தனை தடவை சிறுநீர் கழித்தாள்? என்ன நிறம்? மலம் எப்படிப் போகிறது? இதற்குப் பதில் தெரியாமல் யார் என்ன சொன்னாலும் கேட்காதீர்கள்.

உப்புவெளிக் கரை
ஜூன் 13, அதிகாலை 12.05

நான் எண்ணவில்லை அக்கா. மனைவியிடம் கேட்டேன். காலையில் இருந்து ஈரமான துணி ஏழு மாற்றியிருக்கிறாள். நிறம் தண்ணீர் மாதிரி, மஞ்சளாக இல்லை. மலம் நாலு தடவை, கடுகு நிறத்தில், தளர்வாக.

முருங்கையடி
ஜூன் 13, அதிகாலை 12.11

அப்படியென்றால் பால் போகிறது தம்பி. வயிற்றுக்குள் போகாதது துணியில் வராது. தங்கச்சியை எழுப்பி இதை மட்டும் சொல்லிவிட்டுப் படுங்கள். இல்லை, எழுப்ப வேண்டாம். அடுத்த முறை பிள்ளைக்கு எழும்பும்போது சொல்லுங்கள்.

பழைய மிஸ்ஸி
ஜூன் 13, காலை 6.30

நான் பிரசவ வார்டுகளில் பல வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவள். தம்பி எழுதியதை வாசித்ததும் மனம் கேட்கவில்லை, தேத்தண்ணியை வைத்துவிட்டு எழுதுகிறேன்.

தண்ணீர் விஷயத்தை முதலில் முடிப்போம். தாய்ப்பாலில் ஏறக்குறைய 88 சதவீதம் தண்ணீர்தான். பிள்ளை மார்பில் வாய் வைத்ததும் முதலில் வருவது நீர்த்த பால், தாகத்துக்கு அதுவே போதும். குடிக்கக் குடிக்கத்தான் கொழுப்புக் கூடும். வெக்கையான நாட்களில் பிள்ளைகள் அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பதற்குக் காரணம் இதுதான். கச்சான் அடித்தாலும் சரி, சித்திரை வெயில் என்றாலும் சரி, ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தனியாகத் தண்ணீர் தேவைப்படாது. கொடுத்தால் இரண்டு கெடுதல். சின்ன வயிறு தண்ணீரால் நிரம்பினால் பால் குடிப்பது குறையும். அதோடு கரண்டி, கோப்பை, கை எல்லாவற்றிலும் இருந்து கிருமி போக ஒரு வழி திறக்கும்.

அடுத்தது "பால் இல்லை" என்ற பயம். என் அனுபவத்தில் பால்மா டின் வீட்டுக்குள் வந்ததற்குப் பெரும்பாலும் இந்தப் பயம்தான் காரணமாக இருந்தது. உண்மையிலேயே பால் சுரக்காத தாய்மார் இருக்கிறார்கள், ஆனால் குறைவு. பின்னேரத்தில் விட்டுவிட்டுக் குடிப்பதும் அழுவதும் இரண்டு மூன்று வாரப் பிள்ளைகளில் மிகச் சாதாரணம். அந்த வயதில் பிள்ளை ஒரு முறை வேகமாக வளரும், அப்போது அடிக்கடி மார்பைத் தேடும். மார்பில் இருந்து எவ்வளவு பால் வெளியே போகிறதோ, அதற்கு ஏற்பத்தான் அடுத்த பால் சுரக்கும். பிள்ளை உறிஞ்சும்போது தாயின் மூளையில் இருந்து புரோலாக்டின் என்ற ஹோர்மோன் வரும், அது பாலைச் சுரக்க வைக்கும். ஒக்சிடோசின் என்ற இன்னொன்று சுரந்த பாலை வெளியே தள்ளும். புரோலாக்டின் இரவில்தான் கூட. அதனால் இரவில் கொடுக்கும் பாலை விட்டுவிட வேண்டாம்.

ஒக்சிடோசினுக்கு ஒரு குணம் உண்டு. தாய்க்குப் பயம், வலி, வெட்கம், கவலை இருந்தால் அது தயங்கும். மார்பில் பால் இருக்கும், இறங்காது. வீட்டில் நாலு பேர் நின்று "உனக்குப் பால் இல்லை, பால் இல்லை" என்று சொல்லும்போது அந்தப் பிள்ளைத்தாய்க்கு என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தம்பி, உங்கள் அம்மாவிடம் சண்டை பிடிக்க வேண்டாம். "அம்மா, அவளுக்குப் பக்கத்தில் இருந்து தைரியம் சொல்லுங்கள், அதுதான் மருந்து" என்று சொல்லிப் பாருங்கள்.

பிடிக்கும் விதத்தையும் பாருங்கள். சிசேரியன் காயம் நோகும். பிள்ளையைத் தாயின் பக்கவாட்டில், கையிடுக்கில், கால்கள் பின்பக்கம் போகும்படி தலையணை வைத்துப் பிடித்தால் வயிற்றில் பாரம் விழாது. வாய் அகலத் திறந்ததும் காம்பை மட்டும் கொடுக்காமல் அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தில் பெரும் பகுதி உள்ளே போக வேண்டும். காம்பு மட்டும் போனால் தாய்க்கு வெடிப்பும் வலியும் வரும், பிள்ளைக்குப் பாலும் வராது. கன்னம் குழி விழாமல், "க்ளக்" என்று விழுங்கும் சத்தம் கேட்டால் சரியாகக் குடிக்கிறாள் என்று அர்த்தம்.

பிறந்த பிள்ளை முதல் சில நாளில் கொஞ்சம் எடை குறைந்து, இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்கு வருவது வழமை. பத்தாம் நாள் 2.7 என்றது பயப்படும் கணக்கு இல்லை. ஆனால் இப்போது 19 நாள். இன்றே உங்கள் பகுதி மிட்வைஃபுக்கு அழைத்து மறுபடி நிறுக்கச் சொல்லுங்கள், பால் கொடுக்கும்போது பக்கத்தில் இருந்து பார்க்கவும் சொல்லுங்கள். அதற்கு முன் பிள்ளை சோர்ந்து பால் குடிக்க எழும்பாமல் கிடந்தாலோ, உடம்பு சுட்டாலோ, கண்ணும் தோலும் மஞ்சளானாலோ, சிறுநீர் குறைந்தாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

வாடைக்காற்று
ஜூன் 13, காலை 9.15

மிஸ்ஸி சொல்வதை மதிக்கிறேன். ஆனால் எங்கள் தலைமுறையில் பிறந்த அன்றே சீனித் தண்ணீர் தொட்டு வைத்தார்கள், மூன்றாம் மாதம் பால்மா கொடுத்தார்கள். நாங்கள் எல்லோரும் நன்றாகத்தானே இருக்கிறோம்? தாய்ப்பாலில் அப்படி என்ன இருக்கிறது, டின்னில் இல்லாதது? புரதம், கொழுப்பு, விற்றமின் எல்லாம் அதிலும் எழுதியிருக்கிறது. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

உயிரியல் வாத்தியார்
ஜூன் 13, பிற்பகல் 2.40

வாடைக்காற்று கேட்டது நல்ல கேள்வி. வகுப்பில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது எனக்கே ஒவ்வொரு முறையும் வியப்பாக இருக்கும்.

டின்னில் எழுதியிருக்கும் சத்துகள் உண்மைதான். தாய்ப்பாலில் அதற்கு மேலே உயிருள்ள பொருட்கள் இருக்கின்றன. பிரசவமான முதல் சில நாட்களில் வரும் மஞ்சள் நிறச் சீம்பாலை எடுங்கள். ஒரு நேரத்துக்குச் சில தேக்கரண்டி அளவுதான் வரும். அதைப் பார்த்துத்தான் "பால் இல்லை" என்கிறார்கள். ஆனால் அந்தச் சில கரண்டியில் ஐ.ஜி.ஏ. என்ற நோய் எதிர்ப்புப் பொருள் செறிந்து கிடக்கிறது. அது பிள்ளையின் குடல் சுவரின் மேல் பூச்சாகப் படிந்து, கிருமி உள்ளே நுழையாமல் தடுக்கும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அந்த எதிர்ப்புப் பொருள் எல்லாத் தாய்மாரிடமும் ஒரே மாதிரி இருக்காது. தாய் எந்த ஊரில், எந்த வீட்டில் இருக்கிறாளோ அங்கே இருக்கும் கிருமிகள் அவளது குடலுக்குள்ளும் மூச்சுக்குழாய்க்குள்ளும் போகின்றன. அவளது உடம்பு அவற்றை அடையாளம் கண்டு, எதிர்க்கும் செல்களை உருவாக்குகிறது. அந்தச் செல்களில் ஒரு பகுதி இரத்தம் வழியாக மார்புக்கு வந்து, அங்கே அதே கிருமிக்கு எதிரான ஐ.ஜி.ஏ.யைப் பாலுக்குள் விடுகின்றன. உப்புவெளியில் இருக்கும் தாயின் பால் உப்புவெளி வீட்டின் கிருமிக்கு ஏற்றபடி அமைகிறது. தாய்க்குத் தடிமன் (சளி) வந்தாலும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம் என்பது இதனால்தான். எங்கேயோ ஒரு தொழிற்சாலையில் செய்த மாவுக்கு உங்கள் வீட்டில் யாருக்கு இருமல் என்று எப்படித் தெரியும்?

இன்னொன்று. தாய்ப்பாலில் லக்டோஸ், கொழுப்பு இரண்டுக்கும் அடுத்த பெரிய திண்மப் பகுதி ஒலிகோசக்கரைட்டு என்னும் சர்க்கரை வகைகள். நூற்றுக்கும் மேற்பட்ட வகை உண்டு. பிள்ளையால் அவற்றைச் செரிக்கவே முடியாது. அப்படியென்றால் யாருக்காக? குடலில் வாழும் பிஃபிடோபக்டீரியா என்ற நல்ல நுண்ணுயிர்களுக்கு அதுதான் சாப்பாடு. அவை பெருகினால் கெட்ட கிருமிக்கு இடம் இல்லை. சில வகைகள் வயிற்றோட்டக் கிருமி குடலில் ஒட்டாதபடி நடுவில் புகுந்தும் தடுக்கின்றன. இப்போது ஒன்றிரண்டு வகைகளைச் செயற்கையாகச் செய்து சில மாவுகளில் சேர்க்கிறார்கள், ஆனால் முழுக் கூட்டமும் தாயிடம் மட்டும்தான்.

லக்டோஃபெரின், லைசோசைம், வெண்குருதிச் செல்கள் என்று இன்னும் இருக்கின்றன, அவற்றை விடுகிறேன். குறைமாதப் பிள்ளைக்கு வரும் பால் நிறைமாதப் பிள்ளையின் பாலில் இருந்து வேறுபட்டது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். உடம்பு எந்தப் பிள்ளைக்குச் சமைக்கிறது என்று அறிந்து சமைக்கிறது.

மூதூர் அம்மம்மா
ஜூன் 13, இரவு 7.55

என் மகள் தட்டித் தருகிறாள், நான் சொல்லச் சொல்ல.

வாடைக்காற்று, நீங்கள் நன்றாக இருப்பது எனக்கும் சந்தோசம். ஆனால் அந்தக் காலத்தில் வயிற்றோட்டத்தில் போன பிள்ளைகள் இங்கே வந்து எழுத மாட்டார்கள் அல்லவா? என் கூடப் பிறந்தவர்களில் ஒன்று அப்படிப் போனது. அம்மா சாகும் வரை அந்தக் கதையைச் சொல்லவில்லை, சின்னம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நான் பிள்ளை வளர்த்த காலத்தில் கிளினிக்கிலேயே நாலு மாதம் என்றுதான் சொன்னார்கள். உலக சுகாதார அமைப்பு ஆறு மாதம் என்று மாற்றியது 2001 இல் என்று மகள் சொல்கிறாள். அதனால் மாமியார்மாரைக் குறை சொல்லாதீர்கள். எங்களுக்குச் சொன்னதைத்தான் நாங்கள் சொல்கிறோம்.

2006 இல் சண்டை வந்து மூதூர்ப் பக்கத்தில் இருந்து நடந்தோம். மகளுக்கு அப்போது கைப்பிள்ளை, மூன்று மாதம். வாகரைப் பக்கம் மரத்துக்குக் கீழே, பிறகு முகாம். தண்ணீருக்கு வரிசை, விறகு இல்லை, சட்டி ஒன்று. எங்களோடு வந்த இன்னொரு பிள்ளைத்தாய் பால்மா பழக்கியிருந்தாள். மா முடிந்தது. கிடைத்த மாவைக் கரைக்க நல்ல தண்ணீர் இல்லை. போத்தலைக் கழுவ வழி இல்லை. அந்தப் பிள்ளைக்கு வயிற்றாலே போய், கண் உள்ளே போய், நாங்கள் எல்லோரும் அழுதுகொண்டு இருந்தோம். பிழைத்தது, கடவுள் புண்ணியம். என் பேரன் சேலைத் தலைப்புக்குள் குடித்துக்கொண்டே வந்தான். மகள் சோறே சரியாகச் சாப்பிடவில்லை, அப்படியும் அவளுக்குப் பால் நிற்கவில்லை. அவனுக்கு இப்போது மீசை வந்துவிட்டது.

தம்பியின் அம்மாவுக்கு நான் ஒன்று சொல்கிறேன். தங்கச்சி, தண்ணி மருமகளுக்குக் குடுங்கோ. பிள்ளைக்கு அது தானாகப் போய்ச் சேரும்.

நிலாவெளி நிலா
ஜூன் 13, இரவு 10.30

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன்.

என் மகன் பிறந்தபோது எனக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. இரண்டு நாள் தீவிர சிகிச்சையில் இருந்தேன். கண் விழித்தபோது பிள்ளைக்கு வேறு யாரோ மா கரைத்துக் கொடுத்திருந்தார்கள். பிறகு எவ்வளவு முயன்றும் எனக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. வேறு மாவட்டத்தில் ஒரு ஆஸ்பத்திரியில், எல்லோரும் கேட்கும்படி ஒருவர் "கஸ்டப்படாமல் பிள்ளை வளர்க்கப் பார்க்கிறீர்" என்றார். அந்தச் சொல் ஏழு வருடமாக என்னோடு இருக்கிறது.

தாய்ப்பாலின் நன்மையை நான் மறுக்கவில்லை. கிடைத்திருந்தால் கடைசித் துளி வரை கொடுத்திருப்பேன். ஆனால் இப்படியான பேச்சு வரும்போது எங்களைப் போன்றவர்களும் வாசிக்கிறோம் என்பதை நினைவில் வையுங்கள். தம்பியின் மனைவிக்கு உண்மையிலேயே போதாமல் இருந்தால், அவளும் என்னைப் போல ஆகிவிடக் கூடாது.

பழைய மிஸ்ஸி
ஜூன் 13, இரவு 11.10

நிலா, என் சீருடை போட்ட யாரோ அப்படிச் சொன்னதற்கு நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அது சொல்லியிருக்கக் கூடாத சொல். பிரசவத்தில் அதிகமாக இரத்தம் போனால் பால் சுரக்க வைக்கும் சுரப்பியே பாதிக்கப்படலாம். அது உடம்பில் நடந்தது, உங்கள் மனதில் எந்தக் குறையும் இல்லை. அந்தச் சொட்டுச் சொட்டாக வந்ததையும் கொடுத்தீர்கள் அல்லவா? அதில் இருந்த எதிர்ப்புச் சக்தி உங்கள் மகனுக்குப் போனதுதான்.

உங்களைப் போன்ற நிலையில் இருக்கும் வேறு யாராவது இதை வாசித்தால் அவர்களுக்காக ஒன்று. வைத்தியர் சொல்லி மா கொடுக்க வேண்டி வந்தால், மா கிருமியற்றது என்று நினைக்க வேண்டாம். நன்றாகக் கொதிக்க வைத்த தண்ணீர் 70 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவதற்குள் கரைத்து, பிறகு உடல் சூட்டுக்கு ஆற்றிக் கொடுக்க வேண்டும். டின்னில் சொன்ன அளவை விடத் தண்ணீரைக் கூட்டக் கூடாது. 2022 இல் பால்மா வரிசை, காஸ் வரிசை என்று நின்ற காலத்தில் ஒரு கரண்டியை இரண்டு நேரத்துக்குப் பிரித்துக் கொடுத்த வீடுகளை நான் பார்த்தேன். கொஞ்ச நாளில் பிள்ளை மெலிந்துவிடும். போத்தலை விடச் சின்னக் கோப்பையால் கொடுப்பது நல்லது, கழுவுவது சுலபம்.

கிண்ணியா ராத்தா
ஜூன் 14, காலை 10.20

அஸ்ஸலாமு அலைக்கும். நிலா, உங்களுக்காக துஆச் செய்கிறேன்.

எங்கள் வீட்டில் ஆறு மாதம் பற்றிப் பிரச்சினை வரவில்லை, அதற்குப் பிறகுதான் வந்தது. "இனிப் பாலில் சத்து இல்லை, நிப்பாட்டு" என்றார்கள். குர்ஆனில் சூரத்துல் பகராவின் 233 ஆம் வசனத்தில், பாலூட்டலை முழுமையாக்க விரும்புவோருக்கு முழுமையான இரண்டு ஆண்டுகள் என்று இருக்கிறது. என் வாப்பா அதை ஓதிக் காட்டியதும் வீட்டில் பேச்சு நின்றது. கிளினிக்கிலும் இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்றுதான் சொல்கிறார்கள். ஆறு மாதத்தில் இருந்து சாப்பாடும் கூடவே வேண்டும், ஏனென்றால் பிள்ளை பிறக்கும்போது கொண்டு வந்த இரும்புச்சத்து அந்த வயதில் குறைந்துவிடும். நான் சோறும் பருப்பும் மசித்து, கொஞ்சம் கொஞ்சமாக மீன், முட்டை, பூசணி என்று கொடுத்தேன்.

மூத்தவன் 2003 இல் பிறந்தான். கிண்ணியாப் பாலம் 2009 இல்தானே திறந்தது. அதற்கு முன் திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்குப் போவதென்றால் பாதை என்னும் மிதவைப் படகில்தான் கடக்க வேண்டும். ஒரு வயதில் அவனுக்குக் கடும் வயிற்றோட்டம். சோறு, கஞ்சி எதையும் வாயில் வைக்கவில்லை. பாதை வரும்வரை துறையில் நின்றபோது அவன் குடித்தது ஜீவனி என்ற உப்புச் சீனிக் கரைசலும் என் பாலும்தான். அங்கே வைத்தியர் அதைக் கேட்டுவிட்டு "நிறுத்தாமல் கொடுத்தது நல்லது" என்றார்.

எண்களின் நண்பன்
ஜூன் 14, பிற்பகல் 4.05

எல்லோரும் அனுபவம் சொன்னீர்கள், நான் ஆய்வுகளின் பக்கத்தைச் சொல்கிறேன்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தாய்ப்பால் கொடுக்கும் தாய்க்கும் கொடுக்காத தாய்க்கும் இடையில் படிப்பு, வருமானம், உடல்நிலை என்று பல வித்தியாசங்கள் இருக்கலாம். பிள்ளையின் நலம் எதனால் வந்தது என்று எப்படிப் பிரிப்பது? பெலாரஸ் நாட்டில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 1996, 1997 இல் பிறந்த 17,046 பிள்ளைகள். ஆஸ்பத்திரிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியில் தாய்மாருக்குப் பாலூட்டல் உதவியைக் கூட்டினார்கள், மற்றதில் வழமை போல விட்டார்கள். உதவி கிடைத்த பக்கத்தில் மூன்றாம் மாதத்தில் தாய்ப்பால் மட்டும் குடித்தவர்கள் 43.3 சதவீதம், மற்றப் பக்கத்தில் 6.4 சதவீதம். முதல் வருடத்தில் வயிற்றுத் தொற்று ஒரு தடவையாவது வந்தவர்கள் 9.1 சதவீதம், மற்றப் பக்கத்தில் 13.2. தோல் கரப்பானும் 3.3க்கு 6.3 என்று பாதியாகக் குறைந்தது. சுவாசத் தொற்றில் அந்த ஆய்வு தெளிவான குறைவைக் காட்டவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து 2016 இல் லான்செட் இதழில் வந்த தொகுப்பு, வயிற்றோட்டத்தில் ஏறக்குறைய பாதியையும் சுவாசத் தொற்றில் மூன்றில் ஒன்றையும் தாய்ப்பால் தவிர்க்கலாம் என்கிறது. உலகம் முழுவதும் போதியளவு தாய்ப்பால் கொடுத்தால் வருடத்துக்கு 8,23,000 பிள்ளைகளின் உயிரைக் காக்கலாம் என்பது அதே தொகுப்பின் கணக்கு.

பெலாரஸ் கணக்கில் என்னைத் தொட்டது வேறு ஒன்று. அவர்கள் மருந்து எதுவும் கொடுக்கவில்லை. தாய்க்குப் பக்கத்தில் விஷயம் தெரிந்த ஒருவர் இருக்கும்படி செய்தார்கள். 6.4 அங்கே 43.3 ஆனது.

தாய்க்கும் பலன் உண்டு. 30 நாடுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த 2002 ஆம் ஆண்டு ஆய்வில், பாலூட்டும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மார்பகப் புற்றுநோய் அபாயம் 4.3 சதவீதம் குறைந்தது.

இலங்கை இந்த விஷயத்தில் பெருமைப்படலாம். 2016 இல் எடுத்த நாடளாவிய ஆய்வில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளில் 82 சதவீதம் தாய்ப்பால் மட்டும் குடித்தார்கள். பால்மா விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச விதிக்கோவை 1981 இல் வந்தது, 1983 இலேயே நாங்கள் எங்களுக்கென்று ஒன்றை வைத்துவிட்டோம்.

வாடைக்காற்று
ஜூன் 14, மாலை 6.30

அம்மம்மாவின் பதில் என்னை நீண்ட நேரம் யோசிக்க வைத்தது. என் மகளுக்கு ஆவணியில் பிரசவம். வாத்தியார் எழுதியதை அவளுக்கு அனுப்பியிருக்கிறேன். ஒரு கேள்வி மட்டும். அவள் வேலைக்குப் போகிறவள், லீவு முடிந்தால் என்ன செய்வது?

கோட்டை வீதி அம்மா
ஜூன் 14, இரவு 9.00

நான் சொல்கிறேன் அண்ணா, போன வருடம்தான் இதைக் கடந்து வந்தேன். தனியார் இடம். சம்பளத்தோடு 84 வேலை நாள் லீவு. அது எத்தனையாவது பிள்ளை என்றாலும் ஒன்றுதான், 2018 இல் சட்டம் மாறியது. லீவு முடியும்போது மகனுக்கு நாலு மாதம்தான்.

வேலைக்குத் திரும்புவதற்கு இரண்டு வாரம் முன்பே கையால் பால் எடுத்துப் பழகினேன். முதல் நாள் அரைக் கோப்பை கூட வரவில்லை, பயந்துவிட்டேன். பழகப் பழகக் கூடியது. புத்தகங்களில் 25 பாகை சூட்டில் நாலு மணி நேரம் வெளியே வைக்கலாம் என்று இருக்கும். எங்கள் ஊர் வெக்கை அதை விடக் கூட, அதனால் நான் எடுத்ததும் பிரிட்ஜில் வைத்துவிடுவேன். அங்கே நாலு நாள் வரை இருக்கும். கொடுக்கும்போது அடுப்பில் வைக்காமல் சுடுதண்ணீர்க் கிண்ணத்துக்குள் வைத்துச் சூடாக்கி, மாமி சின்னக் கோப்பையால் பருக்குவார். மீந்ததை ஊற்றிவிடுவோம். மறுபடி கொடுக்க வேண்டாம்.

பாலூட்டும் தாய்க்கு, பிள்ளைக்கு ஒரு வயது ஆகும் வரை வேலை நேரத்துக்குள் இரண்டு இடைவேளை தர வேண்டும் என்று மகப்பேற்றுச் சட்டத்தில் இருக்கிறது. பிள்ளை பராமரிப்பு இடம் இருக்கும் வேலைத்தலத்தில் அரை மணி நேரம், இல்லாவிட்டால் ஒரு மணி நேரம். நான் கேட்டபோது மேலாளருக்கே தெரியவில்லை. அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். களஞ்சிய அறையில் ஒரு கதிரையும் திரைச்சீலையும் போட்டுத் தந்தார்கள். மகள் கூச்சப்படாமல் கேட்க வேண்டும் அண்ணா. எனக்குப் பிறகு வந்த இரண்டு பேருக்கு அந்தக் கதிரை இப்போதும் இருக்கிறது.

முருங்கையடி
ஜூன் 14, இரவு 9.40

சாப்பாட்டைப் பற்றி யாருமே சொல்லவில்லையே. பால் சுறாப் புட்டு, முருங்கையிலை வறை, உள்ளி போட்ட சரக்குக் கறி எல்லாம் கொடுங்கள், நல்லது. ஆனால் பத்தியம் என்று சொல்லி மரக்கறி, பழம், தண்ணீர் எல்லாவற்றையும் மறித்துவிடாதீர்கள். எனக்கு மூத்தவள் பிறந்தபோது 31 ஆம் நாள் வரைக்கும் தண்ணீரை அளந்துதான் தந்தார்கள், காயம் ஆறாது என்று. தொண்டை காய்ந்துபோய் மார்பைக் கொடுத்துக்கொண்டு இருந்ததை நினைத்தால் இன்றைக்கும் கண் கலங்கும். பால் கொடுக்கும் உடம்புக்கு வழமையை விடக் கூடத்தான் சாப்பாடு வேண்டும், ஒரு நாளைக்கு 500 கலோரி அளவில். அதாவது இன்னொரு நேரச் சாப்பாடு.

உப்புவெளிக் கரை
ஜூன் 23, இரவு 8.50

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னிக்கவும். ஒவ்வொரு பதிலையும் இரண்டு மூன்று தடவை வாசித்தோம். மூதூர் அம்மம்மாவின் பதிலை என் அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்து குசினிக்குப் போனார்.

மிஸ்ஸி சொன்னபடி மறுநாளே மிட்வைஃப் வந்தார். 2.95 கிலோ. பிள்ளை காம்பை மட்டும்தான் பிடித்திருக்கிறாள், அதுதான் வலியும் நீண்ட நேரக் குடியும். தலையணை வைத்துப் பக்கவாட்டில் பிடிக்கக் காட்டித் தந்தார். இரண்டு நாள் சிரமப்பட்டாள், மூன்றாம் நாள் சரி வந்தது. டின் வாங்கவில்லை. இன்று 30 ஆம் நாள், கிளினிக்கில் நிறுத்தோம். 3.3 கிலோ. கிளினிக் கொப்பியில் எடைக் கோடு மேலே போயிருப்பதை மனைவி வீடு வரும் வரை திறந்து திறந்து பார்த்தாள்.

பின்னேர அழுகை இன்னும் இருக்கிறது. கச்சானும் இருக்கிறது. இப்போது 5 மணி ஆனதும் அம்மா பேத்தியை முற்றத்து வேப்ப மரத்தடிக்கு எடுத்துப் போவார், மனைவி குளித்துச் சாப்பிடுவாள். பிறகு மாறிக்கொள்வார்கள். அம்மா இன்னும் தண்ணீர் கொதிக்க வைத்து ஆற்றுகிறார். அதைச் செம்பில் ஊற்றி, மனைவி பால் கொடுக்கும் கதிரைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, குடித்து முடிக்கும் வரை நின்று பார்க்கிறார்.

நிலா அக்கா, உங்கள் பதிலை மனைவி தனியாக வாசித்தாள். உங்களோடு கதைக்க விரும்புகிறாள். அனுமதி தந்தால் தனிச் செய்தியில் எழுதுவாள்.

நிலாவெளி நிலா
ஜூன் 23, இரவு 9.02

எழுதச் சொல்லுங்கள் தம்பி. நான் விழித்துத்தான் இருக்கிறேன்.